ஒரே கம்பி, நான்கு பேண்ட்: மொட்டை மாடியில் எண்ட்-ஃபெட் ஆன்டெனா கட்டுவது எப்படி?

ஹாம் ரேடியோ தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக்குறியும் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, எந்த ரிக் (ரேடியோ செட்) வாங்கலாம் என்பது. என்னைக் கேட்டால், முதலில் யோசிக்க வேண்டியது ஆன்டெனாவை. பழைய செட்டாக இருந்தாலும் நல்ல ஆன்டெனா இருந்தால் நாடு முழுக்கப் பேசலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செட்டும் மோசமான ஆன்டெனாவில் ஊமைதான். ஆன்டெனாவுக்குப் பெரிய செலவும் இல்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் கம்பியில் ஒரு இருபது மீட்டர், இரண்டு ஃபெரைட் வளையம், ஒரு பிளாஸ்டிக் பெட்டி, தேவையான அளவு கேபிள். இவற்றை வைத்து 40, 20, 15, 10 மீட்டர் (அதாவது 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ்) ஆகிய நான்கு பேண்டிலும் டியூனர் (ஆன்டெனாவை ரிக்குக்குப் பொருத்தும் கருவி) இல்லாமல் வேலை செய்யும் எண்ட்-ஃபெட், அதாவது ஒரு முனையில் மட்டும் கேபிள் சேரும், ஆன்டெனா ஒன்றை நீங்களே கட்டிவிடலாம்.

கட்டத் தொடங்கும் புதியவர்கள் கம்பியின் நீளத்தைப் பற்றியே கவலைப்படுவார்கள். நீளம் கொஞ்சம் முன்பின் இருந்தால் வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம். கெட்டுப்போவது பெரும்பாலும் கேபிளும் கம்பியும் சேரும் இடத்தில், அதாவது ஃபீட் பாயின்ட்டில். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ஓர் அடி இடத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஏன் முனையில் ஊட்ட வேண்டும்?

அரை அலை நீளமுள்ள கம்பியை நடுவில் வெட்டி அங்கே கேபிளை இணைத்தால் அது டைபோல். கம்பியின் நடுவில் மின்னோட்டம் அதிகம், மின்னழுத்தம் குறைவு. அதனால் அங்கே இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) 50 முதல் 70 ஓம் அளவில் இருக்கும். கேபிளை நேராக மாட்டிவிடலாம். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோல் 14 மெகாஹெர்ட்ஸில் ஒத்து வராது. அந்த அதிர்வெண்ணில் அதே கம்பி முழு அலை நீளமாகிவிடுவதால் நடுவில் இம்பிடன்ஸ் ஆயிரக்கணக்கான ஓம்களுக்கு எகிறிவிடும். 21 மெகாஹெர்ட்ஸில் மூன்று அரை அலை என்பதால் மறுபடி ஓரளவு படியும். 28-இல் மறுபடியும் கோளாறு.

அதே கம்பியை வெட்டாமல் ஒரு முனையில் ஊட்டிப் பாருங்கள். 7-இல் அது ஓர் அரை அலை, 14-இல் இரண்டு, 21-இல் மூன்று, 28-இல் நான்கு. எந்தப் பேண்டாக இருந்தாலும் முனையில் மின்னோட்டம் குறைவாகவும் மின்னழுத்தம் அதிகமாகவும்தான் இருக்கும். இம்பிடன்ஸ் நான்கு பேண்டிலும் சுமார் 2000 முதல் 4000 ஓம்களுக்குள் நிற்கும். நான்கிலும் ஏறக்குறைய ஒரே மதிப்பு என்பதால், அதைக் கேபிளுக்கு ஏற்ற 50 ஓமுக்கு இறக்க ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போதும். 49:1 டிரான்ஸ்ஃபார்மர் என்று சொல்வது இதைத்தான்: 50-ஐ 49-ஆல் பெருக்கினால் 2450 ஓம்.

30, 17, 12 மீட்டர் பேண்டுகளை இதில் எதிர்பார்க்காதீர்கள். 10.1 மெகாஹெர்ட்ஸில் இந்தக் கம்பி ஏறக்குறைய ஒன்றரை அரை அலை, 18.1-இல் இரண்டரை. அங்கெல்லாம் முனையில் இம்பிடன்ஸ் சரிந்துவிடும், டிரான்ஸ்ஃபார்மர் அதை இன்னும் கீழே தள்ளும். ரிக்கில் இருக்கும் டியூனர் அதை எப்படியோ சமாளித்து எஸ்.டபிள்யூ.ஆரை (ஆன்டெனா எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்று காட்டும் அளவு, 1 என்றால் மிகச் சரி) குறைத்துக் காட்டினாலும், சக்தியில் நல்ல பங்கு வழியிலேயே சூடாகிப் போய்விடும்.

வேறு வழிகளும் உண்டு. 1946-இல் லூயி வார்னி வடிவமைத்த ஜி5ஆர்வி இன்றும் பலர் கட்டும் ஆன்டெனா. ஆனால் அது 31 மீட்டர் நீளம், நடுவிலிருந்து ஏணி போன்ற இரட்டைக் கம்பி கீழே தொங்க வேண்டும், பல பேண்டுகளில் டியூனரும் வேண்டும். ஒரே ஃபீட் பாயின்ட்டில் பேண்டுக்கு ஒரு டைபோலாகக் கட்டும் விசிறி டைபோலும் நல்லதுதான். அதற்கு நடுவில் ஒரு உயரமான கம்பமும் இருபுறமும் இடமும் வேண்டும். நகரத்து வீடுகளில் இந்த இரண்டுக்கும் இடம் கிடைப்பது அரிது. கேபிள் ஒரு மூலையில் ஏறி, கம்பி அங்கிருந்து எதிர்மூலைக்குப் போகும் எண்ட்-ஃபெட் அப்படிப்பட்ட வீடுகளுக்குச் சரியாகப் பொருந்தும்.

முதலில் மாடிக்குப் போய் இடத்தைப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் மாடியில் நின்று மின்வாரியக் கம்பிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். ஆன்டெனா கம்பியோ கம்பமோ சாய்ந்தாலும் அறுந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத தூரத்தில் இருக்க வேண்டும். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ கம்பியை எடுத்துப் போகவே கூடாது. ஹாம்கள் உயிரை விட்டிருக்கும் விஷயம் இது. தெருப்பக்கம் மின்கம்பி இருந்தால் வீட்டின் பின்பக்கத்தைப் பயன்படுத்துங்கள். அதற்கும் வழியில்லை என்றால் இந்த ஆன்டெனா உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

அடுத்தது நீளம். முப்பதுக்கு நாற்பது அடி மனை, அதாவது அரை கிரவுண்டு, என்று வைத்துக்கொள்வோம். மூலைவிட்டம் சரியாக 50 அடி, 15.2 மீட்டர். மொட்டை மாடி இதைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும். நமக்குத் தேவை 20 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஒரு மூலையில் ஐந்து, ஆறு மீட்டர் உயரமுள்ள கம்பத்தின் அடிப்பக்கத்திலிருந்து கம்பி செங்குத்தாக ஏறி, உச்சியிலிருந்து மூலைவிட்டமாக எதிர்மூலைக்கு ஓடினால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். மிஞ்சினால் கடைசி ஒன்றிரண்டு மீட்டரைக் கீழ்நோக்கித் தொங்கவிடலாம். கம்பியின் கடைசிப் பகுதியில் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அதை வளைத்தால் பெரிய நஷ்டம் இல்லை. நடுப்பகுதிதான் உயரத்திலும் திறந்த வெளியிலும் இருக்க வேண்டும்.

உயரம் பற்றிக் கொஞ்சம். 40 மீட்டர் பேண்டில் அரை அலை என்பது 20 மீட்டர். அவ்வளவு உயரம் நம்மில் யாருக்கும் கிடைக்காது. தரையிலிருந்து பத்து, பன்னிரண்டு மீட்டரில் இருக்கும் கம்பி சக்தியில் பெரும்பகுதியை மேல்நோக்கி அனுப்பும். அது அயனமண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். பகலில் சென்னையிலிருந்து மதுரை, கோவை, பெங்களூர் என்று பேச இதுவே வசதி. அதே கம்பி 20 மீட்டர் பேண்டில் அரை அலை உயரத்தில் இருப்பதாக ஆகிவிடும். அங்கே தாழ்ந்த கோணத்தில் சமிக்ஞை போகும், தூரத்து நாடுகள் கிடைக்கும்.

கம்பியை மாடித் தளத்துக்கு ஒட்டியபடி, கைப்பிடிச் சுவர் மேல் படுக்கவைத்தபடி கட்டாதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் பக்கத்தில் இருந்தால் டியூனிங்கும் மாறும், சக்தியும் போகும். தகரக் கூரைக்கும் இது பொருந்தும்.

வாங்க வேண்டியவை

கம்பிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் பி.வி.சி. உறையிட்ட பல இழைச் செம்பு வயர் போதும். எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். ஜி.ஐ. கம்பி வேண்டாம், அதன் மின்தடை அதிகம். அலுமினியத்தில் சால்டர் பிடிக்காது.

டிரான்ஸ்ஃபார்மருக்கு எஃப்.டி.240-43 என்ற ஃபெரைட் வளையம் ஒன்று. சோக்குக்கு (கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) அதே வளையம் இன்னொன்று. 240 என்பது 2.4 அங்குல வெளிவிட்டத்தைக் குறிக்கும், 43 என்பது ஃபெரைட் வகை. இந்த எண்ணில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். பழைய டி.வி.யிலிருந்து கழற்றிய ஃபெரைட், எந்த வகை என்று தெரியாத பச்சை வளையம் இவையெல்லாம் வேண்டாம். சிவப்பு நிற இரும்புத்தூள் வளையம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அதில் இரண்டு சுற்று சுற்றினால் 7 மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும் எதிர்ப்பு வெறும் 2 ஓம் அளவுதான். 43 வகையில் அதே இரண்டு சுற்றுக்கு ஏறக்குறைய 190 ஓம் கிடைக்கும். 50 ஓம் கேபிளுக்குக் குறுக்கே 2 ஓம் வந்து உட்கார்ந்தால் அது ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம்.

சுற்றுவதற்கு 1 மில்லிமீட்டர் எனாமல் கம்பி ஒன்றரை மீட்டர். இதற்கு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போங்கள், எடை போட்டுக் கொடுப்பார்கள். 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, குறைந்தது 1000 வோல்ட் தாங்கும் செராமிக் அல்லது சில்வர் மைக்கா. எஸ்.ஓ.239 சாக்கெட், பி.எல்.259 கனெக்டர்கள், மூடியில் ரப்பர் கேஸ்கெட் வைத்த பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் பட்டாம்பூச்சி நட்டும். சென்னையில் இருப்பவர்கள் ரிட்ச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் கனெக்டர், கேபிள், பெட்டி எல்லாம் கிடைத்துவிடும். ஃபெரைட் வளையத்தை மட்டும் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் உறுதியாகத் தெரியும் இடத்தில் வாங்குங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது

அவசரமில்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. ஃபெரைட் வளையத்தின் விளிம்புகள் எனாமலைச் சுரண்டக்கூடும். அதனால் முதலில் குழாய் வேலைக்கு வாங்கும் வெள்ளை டெஃப்லான் டேப்பை வளையம் முழுக்க இரண்டு அடுக்கு சுற்றிவிடுங்கள்.

எனாமல் கம்பியில் 1.2 மீட்டர் துண்டு ஒன்றும் 30 சென்டிமீட்டர் துண்டு ஒன்றும் வெட்டுங்கள். நீண்டது செகண்டரி, குட்டையானது பிரைமரி. இரண்டின் ஒரு முனையையும் சேர்த்துப் பிடித்து, ஐந்து சென்டிமீட்டர் வால் விட்டுவிட்டு, அடுத்த 12 சென்டிமீட்டருக்கு இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்குங்கள். முறுக்கிய இந்தப் பகுதியை வளையத்தில் இரண்டு சுற்று சுற்றுங்கள். வளையத்தின் துளை வழியாகக் கம்பி ஒரு முறை போனால் அது ஒரு சுற்று. வெளியே எத்தனை முறை தெரிகிறது என்று எண்ணினால் கணக்குத் தவறும். துளைக்குள்ளே பார்த்து எண்ணுங்கள்.

இரண்டு சுற்று முடிந்ததும் பிரைமரி கம்பி வெளியே வந்து நிற்கும். நீண்ட கம்பியை மட்டும் அதே திசையில் இன்னும் ஐந்து சுற்று, நெருக்கமாக. ஆக ஏழு. இப்போது கம்பியைத் துளை வழியாக வளையத்தின் எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மிச்சம் ஏழு. மொத்தம் 14. எதிர்ப்பக்கத்துக்குத் தாவும்போது துளை வழியாகப் போவதும் ஒரு சுற்றுதான், அதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். இப்படிப் பாதியில் பக்கம் மாற்றுவதால் உள்ளே வரும் முனையும் வெளியே போகும் முனையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமையும். பெட்டிக்குள் பொருத்துவது எளிது, உயர் மின்னழுத்த முனையும் சாக்கெட்டிலிருந்து விலகி நிற்கும்.

பிரைமரிக்கு 2, செகண்டரிக்கு 14: சுற்று விகிதம் 1:7. இம்பிடன்ஸ் விகிதம் அதன் வர்க்கம், 49.

இனி இணைப்பு. முதலில் சேர்த்துப் பிடித்த இரண்டு முனைகளும் ஒன்றாகச் சாக்கெட்டின் உடல் பகுதிக்குப் போகும், இதுதான் கிரவுண்டு. பிரைமரியின் மறுமுனை சாக்கெட்டின் நடு ஊசிக்கு. செகண்டரியின் மறுமுனை ஆன்டெனா கம்பி மாட்டும் போல்ட்டுக்கு. 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டரை நடு ஊசிக்கும் கிரவுண்டுக்கும் இடையில், கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி வையுங்கள். 21, 28 மெகாஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மரின் கசிவு இண்டக்டன்ஸை ஈடுகட்டுவது இந்தச் சின்னக் கெப்பாசிட்டர்தான். சால்டர் வைக்கும் ஒவ்வொரு முனையிலும் எனாமலைச் சுரண்டிச் செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகே இரும்பை வையுங்கள். இல்லாவிட்டால் மேலே ஈயம் மினுமினுப்பாக உட்கார்ந்திருக்கும், உள்ளே எனாமல் அப்படியே இருக்கும். புதியவர்கள் கட்டும் டிரான்ஸ்ஃபார்மர்களில் அடிக்கடி வரும் கோளாறு இது. மீட்டர் வைத்துத் தொடர்ச்சி பார்த்துவிட்டால் கவலையில்லை.

பெட்டியின் அடிப்பக்கம் சிறிய துளை ஒன்று போடுங்கள். எவ்வளவு அடைத்தாலும் உள்ளே வியர்க்கத்தான் செய்யும், அந்த நீர் வெளியேற வழி வேண்டும். எறும்பு ஏறாமல் இருக்கத் துளையில் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டிவிடலாம். கிரவுண்டிலிருந்து தனியாக ஒரு போல்ட்டை வெளியே எடுத்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

மாடிக்கு ஏற்றும் முன் மேசையில் சோதியுங்கள்

இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். 2.2 கிலோ ஓம், 220 ஓம் ஆகிய இரண்டு கார்பன் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்தால் 2420 ஓம். இதை ஆன்டெனா போல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் கால்கள் குட்டையாக இருக்கும்படி மாட்டி, சாக்கெட்டில் நானோ வி.என்.ஏ.வை (எஸ்.டபிள்யூ.ஆர். அளக்கும் சிறு கருவி) இணைத்து 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்து பாருங்கள். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் கூடாது, அது தானே ஒரு காயில். அளக்கும் முன் ஓபன், ஷார்ட், லோடு மூன்றையும் மாட்டிக் கருவியைக் காலிபரேட் செய்துகொள்ளுங்கள்.

7 முதல் 21 வரை எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-க்குக் கீழும், 28-இல் 2-க்குக் கீழும் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் தயார். மேல் பேண்டுகளில் மட்டும் அதிகமாக இருந்தால் கெப்பாசிட்டரின் கால்களையும் இணைப்புக் கம்பிகளையும் குறுக்குங்கள். எல்லா இடத்திலும் மோசமாக இருந்தால் சுற்று எண்ணிக்கையோ, வளையத்தின் வகையோ, சால்டரோ தவறு. இதை மேசையிலேயே கண்டுபிடித்துவிட்டால், பிறகு மாடியில் அளவு கோணலாக வரும்போது கோளாறு கம்பியில்தான் என்று உறுதியாகத் தெரியும்.

எதிர்க்கம்பியும் சோக்கும்

எண்ட்-ஃபெட் ஆன்டெனாவுக்கு கிரவுண்டே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. மின்னோட்டம் கம்பிக்குள் போக வேண்டுமானால் அதே அளவு மின்னோட்டம் எதிர்ப்பக்கம் ஏதோ ஒன்றில் ஓடியாக வேண்டும். நீங்கள் வழி அமைத்துக் கொடுக்காவிட்டால் அது கேபிளின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். மைக்கைத் தொட்டால் சுருக்கென்று இருப்பது, பேசும்போது கணினியின் யு.எஸ்.பி. இணைப்பு விட்டுப்போவது, பக்கத்து அறை ஸ்பீக்கரில் உங்கள் குரல் கரகரப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். திரும்பும் பாதையிலும் இதே கதை: வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர் இவற்றின் இரைச்சல் கேபிளின் வெளிப்புறம் வழியே ஏறி ஆன்டெனாவுக்குப் போய், உங்கள் ரிசீவருக்கே திரும்பி வரும்.

பெட்டியில் வெளியே எடுத்த கிரவுண்டு போல்ட்டில் இரண்டு மீட்டர் வயர் ஒன்றை எதிர்க்கம்பியாக மாட்டித் தொங்கவிடுங்கள். 40 மீட்டரில் அலை நீளத்தின் இருபதில் ஒரு பங்கு இது. முனையில் மின்னோட்டம் குறைவு என்பதால் இவ்வளவே போதும். பெட்டியிலிருந்து கேபிள் கிளம்பும் இடத்திலேயே சோக் வைத்துவிடுங்கள். ஆர்.ஜி.58 கேபிளை இரண்டாவது ஃபெரைட் வளையத்தில் 12 சுற்று சுற்றினால் கேபிளின் வெளிப்புற மின்னோட்டத்துக்குச் சில ஆயிரம் ஓம் தடை கிடைக்கும். உள்ளே போகும் சமிக்ஞைக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணினி கேபிள்களில் மாட்டும் குட்டி ஃபெரைட் கிளிப் ஒன்றிரண்டை மாட்டிவிட்டு சோக் வைத்தாயிற்று என்று திருப்தி அடைய வேண்டாம். இந்த அதிர்வெண்களில் அவற்றின் தடை மிகக் குறைவு.

சோக்குக்குச் செலவழிக்கும் பணம்தான் இந்த ஆன்டெனாவில் மிக நல்ல செலவு என்பேன். நகரத்துக்குள் இருப்பவர்கள் 40 மீட்டரில் இரைச்சல் எவ்வளவு இறங்குகிறது என்பதை மாட்டிய அன்றே உணர்வார்கள்.

கேபிள்

ஆர்.ஜி.58 மெல்லியது, மலிவு. 20 மீட்டர் நீளத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெல், 28-இல் ஒன்றரை டெசிபெல்லுக்குச் சற்று மேல் இழப்பு வரும். அது பரவாயில்லை. அதைவிட நீளம் தேவைப்பட்டால் ஆர்.ஜி.213 வாங்குங்கள், இழப்பு ஏறக்குறைய பாதியாகும்.

நீளமான மெல்லிய கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. 50 மீட்டர் ஆர்.ஜி.58-இன் மறுமுனையில் எதையுமே மாட்டாமல் விட்டால்கூட, 28 மெகாஹெர்ட்ஸில் ரிக் பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர். 2.3 அளவில்தான் காட்டும். போகும்போது 4 டெசிபெல், திரும்பும்போது 4 டெசிபெல் கேபிளே விழுங்கிவிடுவதால் வரும் கோலம் இது. எனவே முதல் அளவீட்டை முடிந்தால் ஃபீட் பாயின்ட்டிலேயே, ஒரு மீட்டர் கேபிளோடு எடுங்கள்.

வெளியே இருக்கும் கனெக்டரில் தண்ணீர் இறங்கினால் கேபிள் முழுதும் வீண். முதலில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கம்பியை ஏற்றுவது

தொடக்கத்தில் 20.8 மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். 7.05 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப்படி 20.2 மீட்டர் அளவு வரும். உயரம், வயரின் உறை, பக்கத்துச் சுவர் எல்லாவற்றையும் பொறுத்து இது மாறும் என்பதால் கொஞ்சம் கூடுதல்.

பெட்டியிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் தள்ளி, கம்பியிலேயே ஒரு சின்னக் காயில் சேர்க்க வேண்டும். 25 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்புத் துண்டில் அதே வயரை ஆறு சுற்று நெருக்கமாகச் சுற்றினால் ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி. இது எதற்கு? கம்பியின் மேல் பேண்டு ஒத்ததிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணின் சரியான மடங்குகளில் விழுவதில்லை. கம்பியின் முனைகளால் ஏற்படும் சுருக்கம் அரை அலைகளின் எண்ணிக்கை கூடினாலும் இரண்டு முனைக்கு மட்டுமே என்பதால், ஒத்ததிர்வு மேலே போகப் போக மடங்கைவிடக் கொஞ்சம் உயரமாக வந்து நிற்கும். 28-இல் இந்த விலகல் நன்றாகவே தெரியும். முனையிலிருந்து இரண்டரை மீட்டர் என்பது 28 மெகாஹெர்ட்ஸில் கால் அலை. அங்கே மின்னோட்டம் உச்சத்தில் இருப்பதால் அதை ஒட்டி வைக்கும் காயில் அந்தப் பேண்டை நன்றாகக் கீழே இழுக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் அதே இடத்தில் மின்னோட்டம் குறைவு என்பதால் அங்கே பெரிய மாற்றம் இருக்காது.

கடைசி முனையில் முட்டை இன்சுலேட்டர் அல்லது துளை போட்ட நைலான் துண்டு, அதிலிருந்து கயிறு. மலிவான நீலப் பிளாஸ்டிக் கயிறு நம் ஊர் வெயிலில் சீக்கிரம் பொடிந்துவிடும். வெயில் தாங்கும் நல்ல கயிறாக வாங்குங்கள். தென்னை மரத்தில் கட்டுவதாக இருந்தால் கயிற்றை ஒரு கப்பி வழியாக விட்டு, மறுமுனையில் செங்கல் போன்ற எடையைத் தொங்கவிடுங்கள். காற்றில் மரம் ஆடும்போது செங்கல் ஏறி இறங்கும், கம்பி அறுபடாது. கம்பியின் முனை மட்டைக்குள் போகாமல் இரண்டு, மூன்று மீட்டர் கயிறு இடையில் இருக்கட்டும்.

கம்பியின் இரண்டு முனைகளும் உயர் மின்னழுத்த இடங்கள். 50 வாட்டில் ஃபீட் பாயின்ட்டில் ஏறக்குறைய 350 வோல்ட், 100 வாட்டில் 500 வோல்ட் இருக்கும். தொட்டால் தோல் பொசுங்கும். பெட்டியை ஆள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். துணி காயப்போடும் கொடி, தண்ணீர்த் தொட்டி மூடி, குழந்தைகள் விளையாடும் மூலை இவற்றின் பக்கம் கம்பி வரவே கூடாது. மாடியில் ஆள் இருக்கும்போது டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

டியூன் செய்வது

நானோ வி.என்.ஏ.வில் 6.5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடவிட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். எங்கே மிகக் குறைவு என்று பாருங்கள். 6.90-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு 7.05 வேண்டும். இப்போதைய நீளத்தை இப்போதைய அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் வகுங்கள்: 20.8 பெருக்கல் 6.90, வகுத்தல் 7.05, விடை 20.36. ஆக 44 சென்டிமீட்டர் அதிகம் இருக்கிறது. உடனே கத்தரியை எடுக்காதீர்கள். கம்பியின் கடைசியை மடித்து, தன் மேலேயே இறுக்கமாகச் சுற்றிக் கட்டி, மறுபடி ஏற்றி அளந்து பாருங்கள். சரியாக வந்தபின்கூட மடித்ததை அப்படியே விட்டுவைக்கலாம். செம்புக் கம்பி சில வாரங்களில் கொஞ்சம் நீளும். மழைக்காலத்தில் ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் இறங்கும். மீண்டும் திருத்த வேண்டியிருந்தால் கையில் கம்பி இருக்கும்.

40-ஐ ஏன் 7.05-இல் நிறுத்துகிறோம் என்றால், மேல் பேண்டுகள் மேல்நோக்கி நகரும் என்பதற்காகத்தான். இப்போது 14, 21, 28 மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 28-இல் எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறையும் இடம் 28.8-க்கு மேல் நின்றால் காயிலில் ஒரு சுற்று கூட்டுங்கள், 28.2-க்குக் கீழே போய்விட்டால் ஒரு சுற்று குறையுங்கள், அல்லது சுற்றுகளைக் கொஞ்சம் விலக்கிவிடுங்கள். பிறகு 40-ஐ மறுபடி ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.

நான்கு பேண்டிலும் 1.1 வரவேண்டும் என்று நாள் கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம். 2-க்குள் இருந்தால் இக்காலத்து ரிக்குகள் முழுச் சக்தி கொடுக்கும். 1.8-க்கும் 1.2-க்கும் உள்ள வித்தியாசத்தை மறுமுனையில் கேட்பவர் உணரப்போவதில்லை. அந்த நேரத்தில் கம்பத்தை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தினால் அது கேட்கும்.

முதல் டிரான்ஸ்மிஷன் 10 வாட்டில். ஒரு நிமிடம் பேசிவிட்டு, நிறுத்திய பிறகு பெட்டியைத் திறந்து வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, சக்தியைப் படிப்படியாகக் கூட்டலாம். குரல் தொடர்புக்கு 100 வாட் வரை இந்த வளையம் தாங்கும். எஃப்.டி.8 (கணினி வழி அனுப்பும் டிஜிட்டல் முறை) போல இடைவிடாமல் முழுச் சக்தி ஓடும் முறைகளில் 30, 40 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சக்தி கூட்டிப் பேசிக்கொண்டே இருக்கும்போது எஸ்.டபிள்யூ.ஆர். மெல்ல மெல்ல ஏறினால் வளையம் சூடாகிறது என்று பொருள். உடனே நிறுத்துங்கள்.

இடி மின்னல் காலம்

டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி கிரவுண்டோடு இணைந்திருப்பதால் கம்பியில் சேரும் நிலைமின்சாரம் தானாகக் கேபிளின் உறைக்கு இறங்கிவிடும். அதற்காகத்தான் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் உறையை ஓர் எர்த் கம்பியோடு இணைக்கச் சொல்கிறேன். இது நேரடி மின்னலைத் தடுக்காது. அதைத் தடுக்கும் பொருள் எந்தக் கடையிலும் இல்லை. பேசி முடித்ததும் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவதை எல்லா நாளும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மாலையில் மேகம் கறுக்கும்போது ஓடிப்போய்க் கழற்றப் பார்ப்பது ஆபத்து. இடி கேட்கத் தொடங்கிய பிறகு அந்தக் கேபிளைத் தொடவே கூடாது.

கடைசியாக, நான்கு பேண்டிலும் கிடைத்த குறைந்தபட்ச எஸ்.டபிள்யூ.ஆரையும் அதிர்வெண்ணையும் அழியாத மார்க்கரில் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எழுதிவையுங்கள், தேதியோடு. மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். எல்லாப் பேண்டும் ஒரே விகிதத்தில் கீழே நகர்ந்திருந்தால் கம்பி நீண்டிருக்கிறது. மடிப்பைக் கொஞ்சம் கூட்டினால் போதும். முன்பு இருந்ததைவிட எல்லா இடத்திலும் எஸ்.டபிள்யூ.ஆர். காரணமில்லாமல் நன்றாகிவிட்டது போலத் தெரிந்தால், கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.